பனியன் தையலும் ஒளியின் முறுக்கும்

திருப்பூர் பனியன் ஒன்றை நாலைந்து தடவை துவைத்த பிறகு அதன் பக்கத் தையலைப் பாருங்கள். அக்குளில் இருந்து நேராக இடுப்புக்கு இறங்க வேண்டிய தையல், துணி அவ்வளவு தரமில்லை என்றால், சாய்ந்துகொண்டே வந்து வயிற்றுப் பக்கம் நிற்கும். தைத்தவரைத்தான் முதலில் திட்டுவோம். ஆனால் தையல் நேராகத்தான் போடப்பட்டிருக்கும். விஷயம் நூலில் இருக்கிறது.

பஞ்சை இழுத்து முறுக்கினால்தான் நூல். அந்த முறுக்குக்கு இரண்டே திசைதான். நூலை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால், இழைகள் சாயும் கோடு ‘எஸ்’ எழுத்தின் நடுக்கோடு மாதிரி போனால் எஸ் முறுக்கு. ‘இசட்’ எழுத்தின் நடுக்கோடு மாதிரி போனால் இசட் முறுக்கு. மில்லில் ஒற்றை நூல் பெரும்பாலும் இசட் முறுக்கில்தான் ஓடும். முறுக்கேறிய நூல் தன்னை அவிழ்த்துக்கொள்ளவே பார்க்கும். பின்னலுக்குள் அடைபட்டுக் கிடக்கும்போது அதற்கு இடமில்லை. தண்ணீர் பட்டுத் துணி தளர்ந்ததும் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் சாய்கிறது, லட்சக்கணக்கான கண்ணிகளின் சாய்வு சேர்ந்து துணியே ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. இசட் நூல் என்றால் ஒரு பக்கம், எஸ் நூல் என்றால் மறுபக்கம். தொழிலில் இதை ஸ்பைராலிட்டி என்பார்கள். ஒரு வரிசை எஸ், அடுத்த வரிசை இசட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பின்னினால் ஒன்றை ஒன்று ஈடுகட்டித் தையல் நேராக நிற்கும்.

நூல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் முறுக்கு, துணியின் போக்கையே பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. ஒளியிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடக்கிறது. 2008இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒனுர் ஹோஸ்டன், பால் குவியட் என்ற இருவர், கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும் லேசர் கதிரில் வலமுறுக்கு ஒளி ஒரு பக்கமும் இடமுறுக்கு ஒளி மறுபக்கமும் ஒதுங்குவதை அளந்து காட்டினார்கள். ஒதுங்கிய தூரம் சில பத்து நானோமீட்டர். ஒளியின் தற்சுழற்சிக்கும் அது போகும் பாதைக்கும் இடையே உள்ள இந்தப் பிணைப்பைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். மில்லும் கயிறும் மாட்டுச் சந்தையுமாக வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் ஒளியின் தற்சுழற்சி. அதைத் தன் முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து அலையாக ஓடுவது. அதில் மின்புலம் எப்போதும் ஓடும் திசைக்குக் குறுக்காகத்தான் நிற்கும். அது ஒரே கோட்டில் மேலும் கீழும் அசைந்தால் நேர்கோட்டுத் தளவிளைவு. ஓட ஓடக் கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டே போனால் வட்டத் தளவிளைவு. சிவப்பு ஹீலியம்–நியான் லேசரில், நின்ற இடத்திலேயே இந்த முள் ஒரு நொடிக்குச் சுமார் 474 லட்சம் கோடி முறை சுற்றும். வலமாகச் சுற்றலாம், இடமாகச் சுற்றலாம். எஸ், இசட் மாதிரியே இரண்டே திசை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். 3டி படத்துக்குக் கொடுக்கும் கண்ணாடி பல தியேட்டர்களில் வட்டத் தளவிளைவு வகை. ஒரு கண்ணுக்கு வலச்சுழற்சி ஒளி மட்டும், மறு கண்ணுக்கு இடச்சுழற்சி ஒளி மட்டும் போகும். அதை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் முன்னால் உள்ள வில்லை கன்னங்கரேலென்று தெரியும். மூடிய கண் மட்டும் தெளிவாகத் தெரியும். காரணம் இதுதான்: உங்கள் முகத்தில் இருந்து வில்லை வழியாக வெளியே வரும் ஒளி ஒரு திசையில் சுழன்றுகொண்டு போகிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது அதன் கை, அதாவது வலமா இடமா என்ற சுழலும் திசை, மாறிவிடுகிறது. வந்த வழியே திரும்ப நுழைய முடியாமல் அதே வில்லையில் தடைபடுகிறது. பக்கத்து வில்லையில் இருந்து வந்த ஒளியோ கை மாறியதால் இந்த வில்லைக்குப் பொருந்தி உள்ளே வந்துவிடுகிறது. பத்து ரூபாய்ப் பொருளை வைத்துச் செய்யக்கூடிய இவ்வளவு நல்ல சோதனை வேறு எனக்குத் தெரியாது.

சுழலும் ஒளி ஒரு பொருளைச் சுழற்றவும் முடியும் என்று ஜான் பாயின்டிங் 1909இல் எழுதினார். 1931இல் நம் சி. வி. ராமனும் பகவந்தமும், ஒளிச்சிதறலை அளந்து, ஒளித்துகளான ஃபோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று வாதிட்டார்கள். 1936இல் ரிச்சர்ட் பெத், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு, அதன் வழியே வட்டத் தளவிளைவு ஒளியைச் செலுத்தி, தகடு திரும்புவதை நேரடியாகவே அளந்துவிட்டார். ஒரு ஃபோட்டான் சுமக்கும் இந்தத் தன் முறுக்கு வலம் என்றால் கூட்டல் 1 அலகு, இடம் என்றால் கழித்தல் 1 அலகு. குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்தால் வருவதுதான் அந்த ஓர் அலகு. அதற்கு மேல் தன் முறுக்கு ஏறவே ஏறாது. மில்லில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு வேண்டும் என்று நாம் கூட்டிக் குறைக்கிற மாதிரி இங்கே செய்ய முடியாது.

இனி இரண்டாவது முறுக்கு. இதற்கு மாட்டுச் சந்தைக்குப் போக வேண்டும்.

காங்கேயம் மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பார்க்கும் முன்பே சுழி பார்ப்பார்கள். நெற்றியில், முதுகில், திமிலுக்குப் பின்னால் என்று எங்கெங்கே சுழி, எத்தனை சுழி என்று ஒரு கணக்கு. சின்ன வயதில் என் பெரியப்பா ஒரு காளையின் நெற்றியில் என் விரலைப் பிடித்து வைத்து, “நல்லாப் பாரு கண்ணு, சுத்தியும் முடி ஒவ்வொரு பக்கம் சாயுதல்ல? நட்ட நடுவுல எந்தப் பக்கம் சாயுது, சொல்லு பாக்கலாம்” என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது. சுழியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தால் முடியின் திசையும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் எல்லாத் திசைகளும் ஒரு புள்ளியில் வந்து முட்டும். அந்தப் புள்ளிக்கென்று ஒரு திசை கிடையாது.

ஒளிச்சுழிக் கற்றையில் இதேதான். சாதாரண லேசர் கற்றையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அலை எங்கும் ஒரே கட்டத்தில் இருக்கும்; எல்லா இடத்திலும் ஒன்றாக எழும்பி ஒன்றாகத் தாழும். சுழிக் கற்றையில் மையத்தைச் சுற்றி வர வர அலையின் கட்டம் மாறிக்கொண்டே போய், ஒரு சுற்று முடியும்போது சரியாக ஒரு முழு அலைநீளம் தள்ளி நிற்கும். அப்படியானால் நட்ட நடுவில் என்ன கட்டம்? எல்லாமும் இருக்க வேண்டும், எதுவும் இருக்க முடியாது. இந்த இக்கட்டை ஒளி தீர்த்துக்கொள்ளும் வழி ஒன்றே ஒன்று: நடுவில் ஒளியே இல்லாமல் போய்விடுகிறது. சுவரில் அடித்தால் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழும். தமிழில் சுழி என்றால் சுழலும்தான், பூஜ்யமும்தான். இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிச்சுழியின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அலைகளுக்குள் இப்படிப்பட்ட சுழிகள் இருக்கும் என்று 1974இல் பிரிஸ்டலில் ஜான் நையும் மைக்கேல் பெரியும் காட்டினார்கள். அலைமுகப்பு தட்டையாக இல்லாமல் சுருள் படிக்கட்டு மாதிரி ஏறும். சுற்றி வரும்போது கட்டம் ஒரு முறைக்குப் பதில் இரண்டு, மூன்று முறை சுற்றலாம். மூன்று முறை என்றால் மூன்று சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு போகும், முப்புரிக் கயிறு மாதிரியே. 1992இல் நெதர்லாந்தின் லெய்டனில் லெஸ் ஆலனும் உடனிருந்த மூவரும், இந்தக் கற்றையில் ஒவ்வொரு ஃபோட்டானும் சுழியின் எண் எவ்வளவோ அத்தனை அலகு கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் அளவை, சுமக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இதற்கு மேல்வரம்பு இல்லை. 3 இருக்கலாம், 30 இருக்கலாம். இதைச் சுற்று முறுக்கு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டுமானால் ஒரு நுண்துகளை ஒளி வளையத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். தன் முறுக்கு அந்தத் துகளை நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றவைக்கும். சுற்று முறுக்கு அதைச் செக்கு மாடு மாதிரி வளையத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போகும்.

சரி, இரண்டும் தனித்தனிக் கணக்கா? அகலமான கற்றை வெட்டவெளியில் போகிற வரைக்கும், ஆம், தனித்தனிக் கணக்குதான். வளையும்போது, குவியும்போது, வேறு ஊடகத்துக்குள் நுழையும்போது இரண்டும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் நடத்தத் தொடங்குகின்றன.

இதைக் கையாலேயே உணரலாம். ஒரு முழ நூலை நன்றாக முறுக்கி, முறுக்கு விடாமல் இரு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் இருந்து நூல் தன்மேலேயே பின்னிக்கொள்ளும். நூலின் தன் முறுக்கு கொஞ்சம் குறைந்திருக்கும். குறைந்தது எங்கும் தொலைந்துவிடவில்லை, இரண்டு கால்களும் ஒன்றை ஒன்று சுற்றும் பின்னலாக மாறியிருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் இடத்தில் இதையே பெரிய அளவில் பார்க்கலாம். புரியை ஒரு பக்கம் முறுக்குவார்கள், புரிகள் சேர்ந்து கயிறாகும்போது மறுபக்கம் சுற்றிக்கொள்ளும். அந்த எதிரெதிர் இழுப்பில்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது. ஒளிக்கு நாரைப் போல விறைப்பு கிடையாது, அதனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. கணக்கு நேராக வேண்டும் என்ற விதி மட்டும் இரண்டுக்கும் பொது.

ஒளியில் ஏன் கொடுக்கல் வாங்கல்? முன்பே சொன்ன ஒரு விதியில் விடை இருக்கிறது: மின்புலம் ஓடும் திசைக்குக் குறுக்காகவே நிற்க வேண்டும். ஒளி திசை மாறினால் மின்புலமும் கூடவே சாய்ந்தாக வேண்டும். அப்படிச் சாய்ந்து சாய்ந்து போனால் கடைசியில் ஒரு பாக்கி நிற்கும்.

உருண்டையான பானை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியில் ஒரு தீக்குச்சியைப் படுக்கவைத்து, தலை கீழ்நோக்கிப் போகும்படி வயிறு வரை நேராக இறக்குங்கள். குச்சியைத் திருப்பாமல், அதே நிலையில் வயிற்றைச் சுற்றிக் கால் பங்கு நகர்த்துங்கள். இப்போது மேலே உச்சிக்குக் கொண்டு வாருங்கள். வழியில் எங்கும் நீங்கள் திருப்பவே இல்லை, ஆனாலும் குச்சி கிளம்பியபோது இருந்த நிலைக்குச் செங்குத்தாகக் கிடக்கும். பானையின் வளைவுதான் திருப்பியது. ஒளி ஓடும் திசைகளை எல்லாம் ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாக வைத்தால், திசை மாறிக்கொண்டே போய்ப் பழைய திசைக்கே திரும்பும் ஒளிக்கும் இதே கதிதான். ரைட்டோவ் 1938லும் விளாடிமிர்ஸ்கி 1941லும் சோவியத் ஒன்றியத்தில் இதை எழுதிவிட்டார்கள். 1986இல் டோமிடாவும் சியாவோவும் ஒளியிழையை ஸ்பிரிங் மாதிரி சுருட்டி, அதன் வழியே போன ஒளியின் தளம் திரும்பியிருப்பதை அளந்தார்கள். நம் ஊர்களில் கேபிள்காரர்கள் மிச்ச ஒளியிழையைக் கம்பத்தில் வளையமாகச் சுருட்டிக் கட்டியிருப்பார்களே, அந்தத் தட்டை வளையத்தில் வளைவுக்காக இந்தத் திருப்பம் வராது. அதையே சுருள் வில்லாக இழுத்தால் வரும். இழுக்கும் அளவைப் பொறுத்துத் திரும்பும் கோணம் மாறும்.

வட்டத் தளவிளைவு ஒளிக்கு இந்தத் திருப்பம் ஒரு கட்ட மாற்றமாகச் சேரும். வலத்துக்குக் கூட்டல் என்றால் இடத்துக்குக் கழித்தல். வடிவ அமைப்பினாலேயே சேரும் இந்தக் கட்டத்தின் இன்னொரு உருவத்தை முதலில் கண்டவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். ராமனின் சகோதரி மகன். 1956இல், 22 வயதில், பெங்களூரில் ராமன் ஆய்வு நிலையத்தில் இருந்துகொண்டு அந்தக் கட்டுரையை எழுதினார். அவர் கண்டது திசை மாறும்போது சேரும் கட்டத்தை அல்ல, தளவிளைவின் நிலை மாறி மாறிப் பழைய நிலைக்குத் திரும்பும்போது சேரும் கட்டத்தை. படிகங்களை வைத்து வேலை செய்தவர். அயோலைட் என்ற கல்லையும் ஆராய்ந்திருக்கிறார். நம் காங்கேயம்–கரூர்ப் பட்டையிலும் கிடைக்கிற கல்தான். வெயிலில் பிடித்துத் திருப்பினால் ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் வைக்கோல் நிறம் என்று மாறும். 1984இல் பெரி இதே கருத்தைக் குவாண்டம் இயற்பியலில் பொதுவாக நிறுவியபின்தான் உலகம் பஞ்சரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தது. 1969இலேயே, 35 வயதில், அவர் காலமாகிவிட்டார். நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு பக்கமாவது வேண்டும்.

இப்போது கண்ணாடிக்குள் நுழையும் கதிருக்குத் திரும்பி வருவோம். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தாக ஓர் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பரப்பு வழவழப்பாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், அந்த அச்சைச் சுற்றிய மொத்தக் கோண உந்தம் நுழையும் முன்பும் நுழைந்த பின்பும் மாறக் கூடாது. தன் முறுக்கோ கதிர் போகும் திசையிலேயே இருக்கிறது. கதிர் ஒளிவிலகலால் சாய்ந்ததும் அந்த அச்சில் அதன் பங்கு மாறிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை யாராவது ஈடுகட்ட வேண்டும். கதிர் முழுவதும் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறது. நகர்ந்த தூரத்தால் ஒரு சுற்று உந்தம் பிறந்து கணக்கு நேராகிவிடுகிறது. வலமுறுக்கு ஒரு பக்கம் நகர்ந்தால் இடமுறுக்கு மறுபக்கம். துவைத்த பனியன் மாதிரியே.

இப்படி ஒரு நகர்வு இருக்கும் என்று 1955இல் ஃபெடோரோவ் எழுதினார். முழு எதிரொளிப்பில் இம்பெர்ட் 1972இல் அளந்தார். இந்த நகர்வுக்கு ஒளியின் தற்சுழற்சி ஹால் விளைவு என்ற பெயர் 2004இல் ஜப்பானின் ஒனோடா, முராகாமி, நாகவோசா மூவரின் கட்டுரைக்குப் பிறகு நிலைத்தது. அதே சமயத்தில் கான்ஸ்டான்டின் பிலியோக் இந்தக் கணக்கின் அடிப்படையை விரிவாக அலசிக்கொண்டிருந்தார். ஆனால் அலைநீளத்தைவிடச் சிறிய நகர்வை எப்படி அளப்பது? ஹோஸ்டனும் குவியட்டும் நேர்கோட்டுத் தளவிளைவு ஒளியை அனுப்பினார்கள். அதில் வலமும் இடமும் சரிபாதி. எஸ் நூலும் இசட் நூலும் மாற்றி ஊட்டிய துணி மாதிரி, மொத்தத்தில் நகராது, உள்ளுக்குள் மட்டும் இரண்டாகப் பிரியும். வெளியே வரும் இடத்தில் இன்னொரு தளவிளைவுத் தகட்டைக் கிட்டத்தட்ட எல்லா ஒளியையும் தடுத்துவிடும் கோணத்தில் வைத்தார்கள். தப்பி வரும் சொற்ப ஒளியில் அந்தப் பிரிவு ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு பெருகித் தெரிந்தது. ஒரு ஆங்ஸ்ட்ராம், அதாவது ஓர் அணுவின் அளவு நகர்வைக்கூடக் கண்டுபிடிக்கும் நுட்பம் அவர்கள் கைக்கு வந்தது. பெரும்பாலான ஒளியை வீணடித்து, மிச்சத்தில் உண்மையைப் பிடிக்கிற இந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தன் முறுக்கை முழுவதுமாகச் சுற்று முறுக்காக மாற்ற முடியுமா? முடியும். 2006இல் நேப்பிள்ஸில் லொரென்சோ மர்ரூச்சியின் குழு அதைச் செய்தது. டிவி திரையில் இருக்கும் திரவப் படிகத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதன் மூலக்கூறுகள் குச்சி வடிவம். அவற்றைக் காளையின் நெற்றிச் சுழி மாதிரி, மையத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வரும்படி அடுக்கினார்கள். தகட்டின் தடிமனை, வழியே போகும் வட்டத் தளவிளைவு கை மாறும் அளவுக்கு அமைத்தார்கள். உள்ளே போகும்போது தன் முறுக்கு கூட்டல் 1, சுற்று முறுக்கு 0. வெளியே வரும்போது தன் முறுக்கு கழித்தல் 1, சுற்று முறுக்கு கூட்டல் 2. மொத்தம் முன்பும் 1, பின்பும் 1. தகடு தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே அனுப்பும் ஒளியின் கையை மாற்றினால் சுழியின் திசையும் மாறிவிடும். இப்படி அடுக்கிய ஒரு சுழித் தகடு, நேர்கோட்டுத் தளவிளைவை வட்டத் தளவிளைவாக்கும் ஒரு கால் அலைத் தகடு, இரண்டு போதும்.

இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களிடம் பலர் முதலில் சொல்வது தகவல் தொடர்பு: சுழி எண்ணுக்கு வரம்பில்லை, ஆகவே ஒரே ஒளியிழையில் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2013இல் தனியாகச் செய்த ஒளியிழையில் 1.1 கிலோமீட்டர் தூரத்துக்கு நொடிக்கு 1.6 டெராபிட் அனுப்பிக் காட்டியது உண்மைதான். சாதாரண இழைக்குள் சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், திறந்த வெளியில் காற்றின் அலைச்சல் அவற்றைக் குலைக்கும். எண் பெரிதாகப் பெரிதாக வளையமும் விரியும், பிடிக்க வேண்டிய கருவியும் பெரிதாக வேண்டும்.

நுண்ணோக்கியில்தான் இந்தப் பிணைப்பு தன் முழுக் குணத்தையும் காட்டுகிறது. ஸ்டெஃபான் ஹெல் உருவாக்கிய ஸ்டெட் நுண்ணோக்கிக்கு 2014இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரு ஒளிப்புள்ளி செல்லில் ஒரு சிறு இடத்தை ஒளிரவைக்கும். அதன் மேலேயே வடை வடிவச் சுழிக் கற்றை ஒன்று விழுந்து, நடுவை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள ஒளிர்வை எல்லாம் அணைத்துவிடும். நடு ஓட்டையில் மிஞ்சியது மட்டும் தெரியும். அலைநீளம் போடும் வரம்பைத் தாண்டிய நுணுக்கம் அப்படித்தான் கிடைக்கிறது. எல்லாம் அந்த ஓட்டை சுத்த இருட்டாக இருப்பதைப் பொறுத்தது.

இங்கே லென்ஸ் ஒளியை மிகக் கூர்மையாகக் குவிக்கிறது. ஓரத்துக் கதிர்கள் அவ்வளவு சாய்ந்து வருவதால் மின்புலத்தின் ஒரு பகுதி அச்சின் திசையிலேயே நிற்கத் தொடங்கும். அந்தப் பகுதிக்குத் தன் முறுக்கு சுமக்க வழியில்லை. அதனால் தன் முறுக்கும் சுற்று முறுக்கும் கூட்டினால் என்ன வருமோ அத்தனையையும் அது சுழியாகவே சுமக்கும். சுழி கூட்டல் 1, தன் முறுக்கும் கூட்டல் 1 என்றால் அதன் சுழி 2. நடு இருட்டாகவே இருக்கும். சுழி கூட்டல் 1, தன் முறுக்கு கழித்தல் 1 என்றால் கூட்டினால் 0. சுழியே இல்லாத அந்தப் பகுதி நேராக ஓட்டையின் நடுவில் வந்து பளிச்சென்று உட்கார்ந்துகொள்ளும். அணையாமல் இருக்க வேண்டிய மூலக்கூறுகளையும் அது அணைத்துவிடும், படம் மங்கிப்போகும். லேசரும் சரி, லென்ஸும் சரி, எதிலும் பழுது இருக்காது. கால் அலைத் தகட்டை 90 டிகிரி திருப்பி ஒளியின் கையை மாற்றினால் ஓட்டை மறுபடியும் இருட்டாகும்.